கன்னக்கோல் யார் கையில்?

பகல் வேளையில் ஒருவர் அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடினால் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை. அதே வீட்டின் அதே பூட்டைச் சூரியன் மறைந்த பிறகு உடைத்துத் திருடினால் 14 ஆண்டு வரை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 454, 457 ஆகிய பிரிவுகளில் இப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 331ஆவது பிரிவில் இதையேதான் சொல்கிறது. ‘இரவு’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு, ‘சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும்’ என்று நீட்டி எழுதியிருக்கிறார்கள். தண்டனைக் காலத்தில் ஒரு நாள் கூட மாறவில்லை. காலனியச் சட்டங்களைத் தலைமுழுகிவிட்டோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா முழங்கியது இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்துதான். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்களை இடைநீக்கம் செய்த கூட்டத்தொடரில், காலி இருக்கைகளுக்கு முன்னால் அது நிறைவேற்றப்பட்டது.

வேடிக்கை என்னவெனில், இந்த இரவு, பகல் கணக்கை நமக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்து 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தோடு அதைக் கைவிட்டுவிட்டது. எசமானன் கழற்றி எறிந்த சட்டையை 55 ஆண்டுகள் கழித்து எடுத்துத் துவைத்து, சமஸ்கிருதப் பெயர் வைத்து, புதுச் சட்டை என்று அணிவித்திருக்கிறார்கள்.

ஆனால் இக்கட்டுரையின் நோக்கம் பெயர் மாற்ற மோசடியைப் பற்றிப் பேசுவது மட்டுமல்ல. வீடு புகுந்து திருடுவது குற்றம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியின் தகரப் பெட்டியை உடைத்து மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகையை எடுத்துச் செல்பவனுக்காக யாரும் வாதாடப் போவதில்லை. கேள்வி வேறு. எதை வீடு என்று சட்டம் ஏற்கிறது? யாரை உள்ளே இருப்பவர் என்றும், யாரை அத்துமீறி நுழைந்தவர் என்றும் அது எழுதுகிறது? இதற்கு விடை தேட கொல்கத்தாவின் கரியாஹாட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் சட்டத்தின் சொற்களைப் பார்ப்போம். தமிழில் இக்குற்றத்துக்குக் கன்னக்களவு என்று பெயர். சுவரில் துளையிடுவது கன்னம் வைத்தல். துளையிடும் கருவி கன்னக்கோல். சட்டப் புத்தகத்தின் எடுத்துக்காட்டும் இங்கிருந்துதான் தொடங்குகிறது: ஒருவன் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியே கையை நுழைக்கிறான், அது வீட்டை உடைத்தல் ஆகும். முழு உடலும் உள்ளே போக வேண்டியதில்லை, உடலின் ஏதேனும் ஒரு பகுதி நுழைந்தாலே போதும். சன்னல் வழியாக நுழைவது, கதவின் துளையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறப்பது, காவலாளியை அடித்துவிடுவதாக மிரட்டிவிட்டுப் போவது என அடுக்கிச் செல்கிறது பட்டியல். நங்கூரமிட்ட கப்பலின் துவாரத்தில் நுழைபவனைக்கூட அது விட்டுவைக்கவில்லை. சொத்துடையவன் எத்தனை வகையில் பயப்படக்கூடும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு அடிப்படையான ‘இல்ல அத்துமீறல்’ என்ற குற்றத்தின் வரையறையில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம் அல்லது கலம், வழிபாட்டுக்கான கட்டடம், பொருள்களை வைத்துக் காக்கும் கட்டடம். இவற்றில் நுழைந்தால்தான் அது இல்ல அத்துமீறல். அதாவது, சரக்கு வைத்திருக்கும் இடம் கட்டடமாக இருந்தாக வேண்டும். வியாபாரியின் கிட்டங்கிக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மூங்கில் நட்டு, தார்ப்பாய் கட்டி, இரவில் சரக்கை மூட்டையாக்கிக் கயிறு போட்டு வைக்கும் நடைபாதைக் கடை? அதைக் கட்டடம் என்று நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கே திருடுபவனைத் திருட்டுப் பிரிவில் பிடிக்கலாம். வீட்டை உடைத்தவன் என்று எளிதில் பிடிக்க முடியாது. 14 ஆண்டு என்ற அச்சுறுத்தல் சுவர் வைத்திருப்பவருக்காக நிற்கும் காவல்.

இப்போது கரியாஹாட்டுக்கு வருவோம். தென் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி. சுற்றிலும் பாலிகஞ்சின் வசதியான குடியிருப்புகள், பெரிய சேலைக் கடைகள், மாநகராட்சியின் சந்தை. இவற்றின் காலடியில், நடைபாதை நெடுகிலும், துணி, செருப்பு, பாத்திரம், வளையல், புத்தகம், தின்பண்டம் என விற்கும் வியாபாரிகள். சென்னை வாசகர் ரங்கநாதன் தெருவையும், 2013இல் நடைபாதை வியாபாரிகள் வணிக வளாகத்துக்குள் தள்ளப்படுவதற்கு முந்திய பாண்டி பஜாரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சித்திரம் கிடைத்துவிடும்.

1996 நவம்பர் 24 இரவு, மாநகராட்சி ஊழியர்களும் போலீசாரும் ஆளும் கட்சித் தொண்டர்களும் புல்டோசர்களோடு கொல்கத்தாவின் நடைபாதைகளில் இறங்கினார்கள். கரியாஹாட் முக்கிய இலக்குகளுள் ஒன்று. கடைகள் நொறுக்கப்பட்டன. மூட்டை கட்டி வைத்த சரக்கு நாசமாக்கப்பட்டது, அள்ளிச் செல்லப்பட்டது. விடியும்போது பல ஆண்டுகளின் உழைப்பு மரத்தூளாகவும் கிழிந்த தார்ப்பாயாகவும் கிடந்தது. இந்த நடவடிக்கைக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘ஆபரேஷன் சன்ஷைன்’. சூரிய ஒளி என்று பெயர்; நடத்தியதோ இருட்டில். முன்னின்று நடத்தியவர்களில் அமைச்சர் சுபாஷ் சக்ரவர்த்தியும் ஒருவர். ஆட்சியில் இருந்தது ஜோதிபாசு தலைமையிலான இடது முன்னணி அரசாங்கம். அடுத்த சில வாரங்களில், 1997 ஜனவரியில், பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் தொழிலதிபர்களோடு கொல்கத்தாவுக்கு வரவிருந்தார். மூலதனத்தின் கண்ணுக்கு நகரம் அழகாகத் தெரிய வேண்டும் அல்லவா?

சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் அந்த இரவின் மீது வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன். உடைத்து நுழைதல். உடைமையாளர் இல்லாத வேளை. சரக்கு இழப்பு. கும்பலாகச் சேர்ந்து செய்தல். கன்னக்களவின் கூறுகள் அத்தனையும் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. உடைபட்டது ‘கட்டடம்’ இல்லை. உடைத்தவரும் சட்டத்தின் பார்வையில் அத்துமீறியவர் இல்லை. ஏனெனில் அத்துமீறல் குற்றமாவதற்குக் குற்றம் செய்யும் நோக்கமோ, மிரட்டும், இழிவுபடுத்தும், தொல்லை தரும் நோக்கமோ வேண்டும். அரசுக்கு அப்படி எந்த நோக்கமும் இருப்பதாக எந்தக் காவல் நிலையமும் எழுதாது. அது ‘பொதுநலன்’ என்ற ஒரே ஒரு நோக்கம் மட்டுமே கொண்டது!

தற்காப்பு உரிமையிலும் இதே கதைதான். இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க, தேவையானால், உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூடச் செல்லலாம் என்று வீட்டுக்காரருக்கு உரிமை தருகிறது புதிய சட்டத்தின் 41ஆவது பிரிவு. அதற்குச் சற்று முன்னே, 37ஆவது பிரிவில், இன்னொன்று எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அரசு ஊழியர் தன் பதவியின் பெயரால் நல்லெண்ணத்துடன் செய்யும் செயல், சட்டப்படி முழுக்கச் சரியானதாக இல்லாவிட்டாலும், மரண பயமோ கொடுங்காய பயமோ ஏற்படாத வரை, அதை எதிர்க்கத் தற்காப்பு உரிமை கிடையாது. பாலிகஞ்ச் அடுக்ககத்தின் உரிமையாளர் தன் வெள்ளிப் பாத்திரத்துக்காக ஆளைக் கொல்லும் எல்லை வரை போகலாம். கீழே நடைபாதையில் இருப்பவர் தன் ஒரே மூட்டையைக் கட்டிப்பிடித்து, இழுப்பவரைத் தள்ளிவிட்டால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் பலாத்காரம் செய்த குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, பிணையில் விட முடியாத பிரிவு.

பிணை என்றதும் நினைவுக்கு வருவது 1997. கடைகளை உடைத்ததோடு நிற்காமல், அடுத்த ஆண்டே கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதியின்றிச் சாலையையும் நடைபாதையையும் வியாபாரத்துக்குப் பிடித்து வைத்திருப்பது, போலீசார் நேரடியாகக் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றமாக்கப்பட்டது. இதன் பொருளை முழுதாக உணர வேண்டுமானால் தண்டனைச் சட்டத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த 448ஆவது பிரிவின்படி, அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது பிணையில் விடக்கூடிய குற்றம். ஆக, கொல்கத்தாவில் ஒரு கனவானின் வரவேற்பறைக்குள் அத்துமீறி நுழைந்தவர் உரிமையோடு பிணை கேட்கலாம். அவர் வீட்டு வாசலுக்கு வெளியே, எல்லோருக்கும் பொதுவான நடைபாதையில், கூடையை வைத்துக் கைக்குட்டை விற்றவருக்கு அந்த உரிமை இல்லை. நிலப்பிரபுக்களும் வெள்ளையர்களும் எழுதிய சட்டத்தையும் மிஞ்சிய ஒரு விதியை, உழைக்கும் மக்களின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் எழுதினார்கள்.

வங்கத்தில் இதற்கு இன்னும் கசப்பான ஒரு பின்னணி உண்டு. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், 1949-50 முதல் கொல்கத்தாவின் தெற்கு ஓரத்தில், ஜாதவ்பூர், டாலிகஞ்ச் வட்டாரங்களில், தரிசாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலங்களைக் கைப்பற்றிக் குடியேறினார்கள். ‘ஜபர்தகல்’ காலனிகள், அதாவது வலுவில் பிடித்த குடியிருப்புகள், என்றே அவற்றுக்குப் பெயர். நிலவுடைமையாளர்கள் அவர்களை அத்துமீறியவர்கள் என்றார்கள். 1951இல் காங்கிரஸ் அரசாங்கம் அனுமதியற்ற குடியேற்றங்களை அகற்றச் சட்டம் கொண்டுவந்தபோது, கம்யூனிஸ்டுகளும் பிற இடதுசாரிகளும் ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலின் கொடியின் கீழ் தெருவில் நின்று எதிர்த்தார்கள். நிலமற்றவன் பிழைப்பதற்காக இடம் பிடிப்பது அத்துமீறல் ஆகாது என்ற முழக்கத்தின் மேல்தான் தென் கொல்கத்தாவில் இடதுசாரி இயக்கம் வேர் பிடித்தது. அந்தக் காலனிகளின் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்த இடங்களில் ஒன்று கரியாஹாட் நடைபாதை. பின்னாளில் மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்களும், தெற்கு 24 பர்கானாக்களின் கிராமப்புற ஏழைகளும் அவர்களோடு சேர்ந்தார்கள். 1951இல் யாருக்காகத் தடியடி பட்டார்களோ, அவர்களின் பிள்ளைகள் மீதே 1996இல் புல்டோசரை ஏவினார்கள். நவதாராளவாதம் ஆட்சியிலிருந்த இடதுசாரிகளை எப்படித் தின்றது என்று சிங்கூருக்கும் நந்திகிராமுக்கும் பிறகு பலரும் பேசினார்கள். கரியாஹாட்டில் அது பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

வியாபாரிகள் அடங்கிப் போகவில்லை. ஹாக்கர் சங்கிராம் கமிட்டி உருவானது. ஊர்வலங்கள், மறியல்கள், கைதுகள். சில மாதங்களில் கரியாஹாட் நடைபாதைகள் மீண்டும் நிரம்பின. பிணை மறுக்கும் சட்டம் புத்தகத்தில் இருக்க, அது குற்றம் என்று சொன்ன தொழில் தெருவில் நடந்துகொண்டேதான் இருந்தது. இப்படிப்பட்ட சட்டம் யாருக்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாம் என்ற நிலை இருக்கும் இடத்தில் போலீசுக்கு மாமூலும், ஆளும் கட்சிக்காரனுக்குத் தண்டலும் தாமாக நடக்கும்.

நீதிமன்றங்கள் என்ன செய்தன? பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் அதில், உச்ச நீதிமன்றம் 1985இல் அளித்த தீர்ப்பு இந்த விவாதத்தின் மையத்தையே தொட்டது. நடைபாதையில் வாழ்பவர் குற்றமுறு அத்துமீறல் செய்தவர் ஆகமாட்டார். குற்றம் செய்யவோ யாரையும் மிரட்டவோ தொல்லை தரவோ அவர் அங்கே வரவில்லை. வேறு வழியின்மைதான் அவரை அங்கே கொண்டுவந்தது என்று 441ஆவது பிரிவைக் கையில் வைத்துக்கொண்டே நீதிபதிகள் விளக்கினார்கள். வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, மழைக்காலம் முடிந்தபின் அப்புறப்படுத்தலாம் என்று அனுமதித்தார்கள்! 1989இல் சோடன் சிங் வழக்கில், முறைப்படுத்தலுக்கு உட்பட்டு நடைபாதையில் வியாபாரம் செய்வது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்தது. 1996இல் கரியாஹாட்டில் புல்டோசர் இறங்கியபோது இவ்விரு தீர்ப்புகளும் சட்டப் புத்தகங்களில் பத்திரமாக இருந்தன.

இன்றைய நிலை? பாஜக ஆளும் மாநிலங்களில், குறிப்பாக இசுலாமியர் வீடுகள் மீது, புல்டோசர் ஏவப்படுவதற்கு எதிராக 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு தீர்ப்பு வழங்கியது. 15 நாள் முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, விதிமீறும் அதிகாரியின் சொந்தப் பொறுப்பு என்று வரவேற்கத்தக்க கட்டளைகள் அதில் உண்டு. ஆனால், சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகியவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இக்கட்டளைகள் பொருந்தாது என்று ஒரு விலக்கும் உண்டு. ஏழைகளில் பெரும்பாலோர் அந்த விலக்குக்குள்தான் குடியிருக்கிறார்கள், பிழைக்கிறார்கள்.

புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்த முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 அன்று, புதிய சட்டத்தின் கீழ் பதிவான முதல் வழக்கு என்று செய்தி வந்தது புதுதில்லி ரயில் நிலையத்தின் அருகில் தண்ணீரும் புகையிலையும் விற்ற ஒரு தெரு வியாபாரியின் மீதான வழக்கு. பொது வழியில் இடையூறு செய்தார் என்பது குற்றச்சாட்டு, 285ஆவது பிரிவு. நாடே எள்ளி நகையாடியபோது, முதல் வழக்கு அதுவல்ல, குவாலியரில் நடந்த மோட்டார் சைக்கிள் திருட்டு என்று உள்துறை அமைச்சரே விளக்கம் தர வேண்டியதாயிற்று. முதலாவதா இரண்டாவதா என்பது அவர்களின் கவலை. நள்ளிரவு கடந்ததும் புதிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போலீஸ் யாரைத் தேடிப் போனது என்பதுதான் நம் கவனத்துக்குரியது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூன் 24 அன்று, நடைபாதை ஆக்கிரமிப்பு பற்றி மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி அதிகாரிகளைக் கடிந்துகொண்டார். மறுநாளே கரியாஹாட் உட்பட நகரின் பல பகுதிகளில் போலீசார் இறங்கினார்கள். சில இடங்களில் புல்டோசரும் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு மாத அவகாசம், கணக்கெடுப்பு என்று பின்வாங்கினார். 1996இல் எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு வியாபாரிகளுக்காகக் கண்ணீர் வடித்தவர் இவர்தான். ஆட்சி மாறியது, கொடி மாறியது. நடைபாதைக்கு வந்த இயந்திரம் மாறவில்லை.

கன்னக்களவுச் சட்டத்தின் கடுமை யார் தலையில் இறங்குகிறது என்பதையும் பேசியாக வேண்டும். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மீண்டும் இத்தகைய சொத்துக் குற்றம் செய்தால் ஆயுள் தண்டனைகூட விதிக்கலாம் என்ற பழைய 75ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 13ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. ‘வழக்கமாக வீடு உடைப்பவர்’ என்று போலீஸ் கருதும் ஒருவரிடம் நன்னடத்தைப் பிணைப்பத்திரம் கேட்கும் அதிகாரமும் அப்படியே தொடர்கிறது. ‘வழக்கமாகத் திருடுபவர்’ என்ற இந்தக் கற்பனையின் கொடூர வடிவம்தான் 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. சட்டம் ஒழிக்கப்பட்ட பின்னும் அதன் மனநிலை காவல் நிலையங்களில் குடியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் புதன் சபர் என்ற கேரியா சபர் பழங்குடி இளைஞர் 1998 பிப்ரவரியில் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். தற்கொலை என்றது போலீஸ். நீதிமன்றம் சென்று அந்தப் பொய்யை உடைக்க முன்னின்றவர் எழுத்தாளர் மகாசுவேதா தேவி. கரியாஹாட்டை அடுத்த பாலிகஞ்சில் பல்லாண்டு வாழ்ந்தவர். நம் ஊரில், 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், காரில் இருந்த நகையைக் காணவில்லை என்ற ஒரு புகாருக்காக அடித்தே கொல்லப்பட்டார். திருட்டுக்குச் சட்டம் விதிப்பது சில ஆண்டுச் சிறை. திருட்டுச் சந்தேகத்துக்குக் காவல் நிலையம் விதிப்பது மரணம்.

கரியாஹாட்டின் அடுக்ககங்களுக்கு ஒவ்வொரு விடியலிலும் கானிங், லட்சுமிகாந்தபூர் பாதை ரயில்களில் வந்து பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கும் வீட்டுப் பணிப்பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மோதிரம் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மீது? வேலைக்காரர் திருடினால் 7 ஆண்டு என்று தனிப் பிரிவே (306) வைத்திருக்கிறார்கள். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு. திருடியவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் இரட்டிப்புக்கும் மேல். எசமானர் அந்தச் சம்பளத்தைத் திருடினால்? மோடி அரசாங்கத்தின் ஊதியச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் விடை கிடைக்கும். தர வேண்டியதைவிடக் குறைவாகக் கூலி தரும் முதலாளிக்கு முதல் முறை சிறையே கிடையாது, ரூ.50,000 வரை அபராதம்தான். ஐந்தாண்டுக்குள் மறுபடி செய்தால் மட்டும் 3 மாதம் வரை சிறை அல்லது அபராதம். ஆயிரம் தொழிலாளர்களின் கூலியில் கை வைத்தாலும் அதே கணக்கு. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, 42 சட்டங்களில் முதலாளிகளுக்குத் தொல்லையாக இருந்த 183 தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்தினார்கள். அங்கே ‘நம்பிக்கை’, இங்கே 14 ஆண்டு. வங்கத்தின் லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் சேமிப்பைச் சாரதா நிறுவனம் விழுங்கி 2013இல் கவிழ்ந்தது. ஏமாற்றிச் சொத்துப் பறிக்கும் குற்றத்துக்கு அன்றும் இன்றும் உச்சத் தண்டனை 7 ஆண்டுதான்; இரவில் சன்னல் வழியாக ஒரு கைக்கடிகாரத்தை எடுத்தவனுக்கு விதிக்கக்கூடியதில் பாதி. சாரதாவின் ஆட்கள் யார் வீட்டுச் சன்னலிலும் ஏறவில்லை. அவர்கள் வாசல் வழியாக, ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள்.

1842இல், ரைன் மாகாணத்தில், காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டு என்று சட்டமியற்ற நிலவுடைமையாளர்கள் முனைந்தபோது, இளைஞர் மார்க்ஸ் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். வழக்கமாக ஏழைகளுக்கு உரிமையாக இருந்த ஒன்று, ஒரே ஒரு சட்ட வரியால் எப்படிக் குற்றமாகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட விசயம். கரியாஹாட் நடைபாதையில் 1997இல் நடந்ததும் அதுவே.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நீண்ட போராட்டத்தின் விளைவு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். கெட்டுப்போகாத பொருளை இரண்டு வேலை நாட்களில், கெட்டுப்போகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். எல்லாம் எழுதியிருக்கிறது. வியாபாரி விதியை மீறினால் ரூ.2,000 வரை அபராதம் என்றும் எழுதியிருக்கிறது. முன்னறிவிப்பு இன்றிக் கடையை உடைத்த, பட்டியல் தராமல் சரக்கை லாரியில் ஏற்றிய அதிகாரிக்கு என்ன தண்டனை? சட்டத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினாலும் அப்படி ஒரு பிரிவு இல்லை.

எனவே தெருவோர வியாபாரிகள் சங்கங்கள் கணக்கெடுப்பும் சான்றும் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல், அதிலும் இரவில், கடையை உடைப்பதும் சரக்கை அள்ளுவதும் பிணையில் விட முடியாத குற்றம் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிய பிரிவு சேர்க்கப்பட வேண்டும். உத்தரவிட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவையில்லை என்று அதிலேயே எழுதப்பட வேண்டும். உடைபட்ட கடைக்கான இழப்பீடு அவரது ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட வேண்டும். நடைபாதை வியாபாரத்தைப் பிணை மறுக்கும் குற்றமாக்கிய 1997ஆம் ஆண்டுத் திருத்தம் போன்றவை எந்த மாநகராட்சிச் சட்டத்திலும் இடம்பெற முடியாதபடி தடை செய்யப்பட வேண்டும். கொல்கத்தாவிலும் சென்னையிலும் வியாபாரிகள் சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளை அடுத்த நகர விற்பனைக் குழுக் கூட்டங்களிலேயே தீர்மானமாக முன்வைக்க வேண்டும்.